பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் இடையில்: ஒரு கியர்க் கம்பியின் வரலாறு

1980ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களமும் ஃபோர்ட் கம்பனியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஃபோர்ட் வாகனத்தை 'பார்க்'கில் போட்டுவிட்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க இறங்கினால், சில வேளை அது தானாகவே ரிவர்ஸுக்குப் போய்ப் பின்னால் ஓடுகிறது என்பதுதான் பிரச்சினை. வீதிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்பில் அந்த வருடம் ஏறத்தாழ 23,000 முறைப்பாடுகள் இருந்தன. அவற்றில் 6,000 விபத்துகள், 1,710 காயங்கள், 98 மரணங்கள். சம்பந்தப்பட்டவை 1966 தொடக்கம் 1980 வரை செய்யப்பட்ட ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் கார்களும் சிறிய ட்ரக்குகளும்.

இவ்வளவுக்கும் கிடைத்த தீர்வு ஒரு ஸ்டிக்கர்.

பகிடி இல்லை. வாகனங்களைத் திருப்பி அழைத்துத் திருத்த வேண்டியதில்லை, சொந்தக்காரர்களுக்குத் தபாலில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பினால் போதும் என்று முடிவானது. கியர் சரியாகப் பார்க்கில் இருக்கிறதா என்று பார், ஹான்ட் பிரேக்கை இழு, எஞ்சினை நிறுத்து என்பதுதான் அதன் சாரம். முன்னுக்கு ஒட்டிவிட்டால் சரி.

சரி, கியர் லீவரில என்ன வரலாறு இருக்கு எண்டு கேக்கலாம். கனக்க இருக்கு. பழைய ட்ரக் ஒன்றுக்கு வேறு ஒட்டோ கியர்பொக்ஸ் மாற்றுகிறவர்கள் முட்டி நிற்கிற அதே இடத்தில்தான் இந்த வரலாறும் முட்டி நிற்கிறது. ஸ்டியரிங்கில் இருக்கிற கைபிடிக்கும் கீழே இருக்கிற கியர்பொக்ஸுக்கும் நடுவில் போகிற ஒரு இரும்புக் கம்பிதான் அந்த இடம். கை ஒன்றைச் சொல்லி, இரும்பு வேறொன்றைச் செய்தால் பழி யாருக்கு? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

லீவர் தரையிலிருந்து மேலே ஏறிய கதை

முதலில் கியர் லீவர் தரையில்தான் இருந்தது. கியர்பொக்ஸின் மூடியிலிருந்து நேராக மேலே வரும் ஒரு தண்டு. இடையில் கம்பி, மூட்டு ஒன்றும் கிடையாது. கை அசைத்தால் உள்ளே பல்லுச் சக்கரம் அசையும்.

1938இல் கடிலாக் கார்களில் லீவர் ஸ்டியரிங் தண்டுக்கு ஏறியது. இரண்டு மூன்று வருடங்களுக்குள் அமெரிக்கக் கார்களில் அநேகமானவை அதையே பின்பற்றின. காரணம் சுலபமானது. முன்சீட் ஒரு நீண்ட வாங்கு மாதிரி. நடுவில் லீவர் நின்றால் மூன்றாவது ஆளுக்குக் கால் வைக்க இடமில்லை. ட்ரக்குகளிலும் இதே கதைதான், வேலைக்குப் போகிற மூன்று பேர் ஒரே வாங்கில் இருக்க வேண்டும். மூன்று கியரும் ஸ்டியரிங் தண்டில் என்பதால் அமெரிக்கர்கள் அதற்கு 'மரத்தில் மூன்று' என்று ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள்.

இந்த லீவர் எங்களுக்கும் அந்நியமானது இல்லை. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஓடுகிற பழைய பிரித்தானியக் கார்களைப் பாருங்கள். மொறிஸ் மைனருக்குக் கியர் தரையில். ஒஸ்ரின் ஏ40 சமர்செட்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஸ்டியரிங் தண்டில். பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த எங்கட மெக்கானிக்மாருக்கு, தேய்ந்துபோன கியர்க் கம்பி மூட்டு என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. லீவர் 'தொளதொள' என்று ஆடும். இரண்டாம் கியர் என்று நினைத்துப் போட்டால் எங்கேயோ நிற்கும். ஆனால் அது மனுவல் கியர். கிளட்சை விடும்போது பிழை உடனே தெரிந்துவிடும், கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒட்டோ கியரில் அந்த வசதி இல்லை.

லீவர் மேலே ஏறியபோது கிடைத்தது இடவசதி. இழந்தது நேரடித் தொடர்பு. இனிமேல் கை எதைச் செய்தாலும் நீண்ட குழாய், அதன் அடியில் ஒரு கை, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் கியர்பொக்ஸின் கை என்று நாலு பேர் காதில் சொல்லித்தான் செய்தி போய்ச் சேரும்.

எழுத்துகளின் சண்டை

1940ஆம் ஆண்டு மொடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களோடு ஜெனரல் மோட்டோர்ஸ் 'ஹைட்ராமாட்டிக்' என்ற ஒட்டோ கியரை விற்பனைக்கு விட்டது. பெருமளவில் விற்ற முதலாவது முழுமையான ஒட்டோ கியர் அதுதான். இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்ருவர்ட் தாங்கிகளிலும் இதைப் பூட்டினார்கள். போர் முடிந்த பிறகு கம்பனிக்குக் கம்பனி ஒட்டோ கியர் வந்தது. 1950களின் முதல் பாதியில் ஃபோர்ட், ஷெவ்ரோலே சிறிய ட்ரக்குகளுக்கும் வந்துவிட்டது.

இப்போது நாங்கள் பி-ஆர்-என்-டி என்ற வரிசையை இயற்கை விதி மாதிரி நினைக்கிறோம். அப்போது அப்படி ஒன்றும் இல்லை. ஆரம்ப ஹைட்ராமாட்டிக்கில் 'பார்க்' என்ற இடமே கிடையாது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரிவர்ஸில் விட்டால் கியர்பொக்ஸ் பூட்டிக்கொள்ளும். அதாவது அந்தக் காரில் ரிவர்ஸ்தான் பார்க். பியூக்கின் டைனஃப்ளோவிலும் ஷெவ்ரோலேயின் பவர்கிளைடிலும் வரிசை பி-என்-டி-எல்-ஆர். ரிவர்ஸ் கடைசியில், முன்னோக்கிப் போகிற 'லோ'வுக்குப் பக்கத்தில். ஃபோர்டின் ஃபோர்டோமாட்டிக்கில் மட்டும் ரிவர்ஸ் பார்க்குக்குப் பக்கத்தில், நியூட்ரலுக்கு அந்தப் பக்கம். கிறைஸ்லர் 1956 தொடக்கம் 1964 வரை லீவரையே எடுத்துவிட்டு பட்டன் வைத்தது.

இதை யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் ஃபோர்ட் ஓடிய ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் ஷெவ்ரோலேயை எடுக்கிறார். இறக்கம் வருகிறது. 'லோ'வில் போட லீவரைக் கடைசிவரை இழுக்கிறார். அவருடைய காரில் கடைசி 'லோ'. இந்தக் காரில் கடைசி ரிவர்ஸ்.

பொறியியலாளர்களிடம் பதில் இருந்தது. பனியிலோ சேற்றிலோ புதைந்த காரை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க 'லோ'வும் ரிவர்ஸும் பக்கத்தில் இருந்தால் வசதி. அது பொய் இல்லை. ஆனால் சேற்றில் புதைகிற நாட்கள் எத்தனை, மற்ற நாட்கள் எத்தனை? யாருடைய வசதியை வைத்து வரிசையைத் தீர்மானிப்பது?

1965இல் ரால்ஃப் நேடரின் 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்ற புத்தகம் வந்தபோது இந்தக் கியர் வரிசைக் குழப்பமும் அதில் ஒரு குற்றச்சாட்டு. அந்தப் புத்தகத்தைக் கோர்வெயர் காரைப் பற்றியது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் அதன் பெரிய வாதம் வேறு. அதுவரை அமெரிக்காவில் வீதி விபத்து என்றால் ஓட்டுநர், ஓட்டுநர், ஓட்டுநர்தான். ஓட்டுநரைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சுக் கம்பனிகளுக்கு மிகவும் பிடித்தமானது. நேடர் கேட்டது, மனிதன் பிழைவிடுவான் என்று தெரிந்தும் அந்தப் பிழை உயிரை எடுக்கிற மாதிரி ஏன் செய்கிறீர்கள் என்று.

1966 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழ் வந்த 102ஆம் இலக்க நியமம் 1968 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. முன்னோக்கிய கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்க வேண்டும். லீவர் வரிசையில் பார்க்கும் இருந்தால், அது ஒரு அந்தத்தில், ரிவர்ஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடுகிற கியரில் லீவர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் வேலை செய்யக்கூடாது. எழுத்துகளின் சண்டை இப்படித்தான் முடிந்தது.

ஆனால் சட்டம் ஒழுங்குபடுத்தியது எழுத்துகளை. எழுத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கிற கம்பி அப்படியேதான் இருந்தது.

நாலு சாட்சிகள்

இந்த இடத்தில் பழைய ட்ரக்கின் அடியில் கொஞ்சம் படுத்துப் பார்க்க வேண்டும். 1967-72 காலத்து ஷெவ்ரோலே சி10 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதைப் பழுதுபார்த்து ஓடுகிறவர்கள் நிறையப் பேர். ஒட்டோ கியரோடு வந்த வண்டி என்றால் பெரும்பாலும் இரண்டு கியர் பவர்கிளைட் அல்லது மூன்று கியர் டேர்போ ஹைட்ராமாட்டிக். இதற்கு 1982இல் அறிமுகமான 700ஆர்4 என்ற நாலு கியர் பெட்டியை மாற்றுவது பரவலான வேலை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டிய காலத்தில் பிறந்த பெட்டி இது. நாலாவது கியரின் விகிதம் 0.70. அதாவது அதே வேகத்தில் போகும்போது, விகிதம் 1 ஆக இருக்கிற மூன்றாவது கியரைவிட எஞ்சின் 30 வீதம் குறைவாகச் சுற்றும். முதலாவது கியரும் முந்திய 350இன் 2.52க்குப் பதிலாக 3.06, அதனால் பாரத்தோடு கிளம்பவும் இலேசு.

பெட்டியை ஏற்றுவதில் மற்றச் சிக்கல்களும் உண்டு. அக்சிலரேட்டரோடு இணைகிற ஒரு கேபிள் இதற்கு உண்டு, அதைச் சரியாக இழுத்துக் கட்டாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து பெட்டி எரிந்துபோகும். ஆனால் இங்கே எங்களுக்குத் தேவை கியர்க் கம்பி.

லீவர் எந்தக் கியரில் இருக்கிறது என்று சொல்ல இந்த வண்டியில் நாலு சாட்சிகள் இருக்கின்றன.

முதலாவது, ஸ்டியரிங் தண்டின் மேற்பகுதிக்குள் இருக்கிற படிவெட்டிய தகடு. லீவரை உங்கள் பக்கம் இழுத்தால்தான் பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்குப் போகலாம் என்பதெல்லாம் இந்தத் தகட்டின் வேலை. இரண்டாவது, எழுத்துகளுக்கு முன்னால் நகர்கிற ஊசி. அது ஸ்டியரிங் தண்டோடு மட்டும்தான் இணைந்திருக்கிறது, கியர்பொக்ஸை அதற்குத் தெரியாது. மூன்றாவது, பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுகிற சுவிட்ச். அந்தக் கால ஜி.எம். வண்டிகளில் அதுவும் பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டிலேயே. நாலாவது, கியர்பொக்ஸுக்குள் பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு தகடும், அந்தப் பள்ளங்களில் விழுந்து உட்காருகிற ஸ்பிரிங் உருளையும்.

முதல் மூன்றும் ஒரே பக்கத்து ஆட்கள். மூன்றும் சேர்ந்து 'நியூட்ரல்' என்று சொன்னாலும் கம்பி பிழையாக இருந்தால் அது உண்மை ஆகாது. உண்மை தெரிந்தது நாலாவது சாட்சிக்கு மட்டும்தான், அதுவோ வண்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இனி மாற்றத்துக்கு வருவோம். பவர்கிளைடில் பி, ஆர், என், டி, எல் என ஐந்து இடங்கள், நாலு இடைவெளிகள். 700ஆர்4இல் நாலாவது கியருக்கும் ஒரு இடம் வேண்டும், ஆகவே ஏழு இடங்கள், ஆறு இடைவெளிகள். ஐந்து இடத்துக்கு வெட்டிய பழைய தகடு, ஏழு இடமுள்ள பெட்டிக்குக் கட்டளை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே வேலை செய்வது ஓ.எல். கணிதம்தான். மேலே இருக்கிற கை எவ்வளவு நீளமோ, எவ்வளவு திரும்புகிறதோ, அதற்கேற்பக் கம்பி நகரும். கம்பி நகர்ந்ததைக் கீழே இருக்கிற கை திரும்பவும் கோணமாக மாற்றும். உதாரணமாக, ஸ்டியரிங் தண்டு மொத்தம் 40 பாகை திரும்புகிறது, பெட்டிக்கு 60 பாகை வேண்டும் என்று வைப்போம். மேல்கை 3 அங்குலம் என்றால் கீழ்கை கிட்டத்தட்ட 2 அங்குலமாக இருக்க வேண்டும். கீழ்கையைக் குட்டையாக்கினால் திருப்பம் கூடும், நீளமாக்கினால் குறையும். பழைய பெட்டியின் கையை அப்படியே புதியதில் பூட்டினால், பார்க் சரியாக விழும், ஆனால் நியூட்ரலுக்குப் போகும்போது கொஞ்சம் விலகி, கடைசிக் கியரில் எங்கேயோ நிற்கும். அல்லது கடைசியைச் சரியாக்கினால் பார்க் விழாது.

இந்த 'அல்லது'தான் முக்கியம். முதலாவது கியர் கிடைக்காவிட்டால் அது வசதிக் குறைவு. பார்க் முழுதாக விழாவிட்டால் அது ஆபத்து. அதனால் தெரிந்தவர்கள் கம்பியை மேல்பக்கத்திலிருந்து அளப்பதில்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கம்பியைக் கழற்றி, பெட்டியின் கையை நேரடியாகப் பிடித்துப் பார்க் வரை தள்ளி, அங்கிருந்து 'டிக், டிக்' என்று இரண்டு எண்ணி நியூட்ரலில் நிறுத்துவார்கள். பிறகு மேலே லீவரை நியூட்ரலில் வைத்து, இரண்டும் அசையாமல் இருக்கக் கம்பியின் பிடியை இறுக்குவார்கள். அதாவது உண்மை தெரிந்த நாலாவது சாட்சியை முதலில் கேட்டு, மற்ற மூன்றையும் அதற்கேற்பத் திருத்துவது. எழுத்துப் பலகையைக்கூடப் புதிய ஏழு இடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றுவார்கள்.

'மரத்தில் மூன்று' மனுவல் வண்டி என்றால் இன்னும் கஷ்டம். அதன் ஸ்டியரிங் தண்டின் அடியில் இரண்டு கைகள் உண்டு, ஒன்று முதலாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும், மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். ஒட்டோவுக்கு ஒரு கை போதும், ஆனால் பார்க்கைப் பிடித்து வைக்கிற படித்தகடு அந்தத் தண்டில் இல்லை. வெல்டிங் செய்து சமாளிக்கிறவர்களும் உண்டு. ஒட்டோ வண்டியின் தண்டையே தேடி எடுத்துப் பூட்டுகிறவர்கள்தான் புத்திசாலிகள்.

இன்னொன்று. ஸ்டியரிங் தண்டு கபினோடு நிற்கிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் றப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. அக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கொஞ்சம் சரியும், றப்பர் பழசானால் இன்னும் சரியும். ஆக, இன்றைக்குச் சரியாக அளந்து இறுக்கிய கம்பி, றப்பர் தேயத் தேயப் பிழையாகிக்கொண்டு போகும். யாரும் தொடாமலே.

இடையில் நிற்கிற லீவர்

இப்போது ஃபோர்டுக்குத் திரும்பலாம். பெட்டிக்குள் இருக்கிற பல்லுத் தகட்டில், பார்க்குக்குரிய பள்ளத்துக்கும் ரிவர்ஸுக்குரிய பள்ளத்துக்கும் நடுவில் ஒரு மேடு. உருளை அந்த மேட்டில் ஏறி நின்றுவிட்டால் லீவர் பார்த்த பார்வைக்குப் பார்க்கில் இருக்கும். வண்டி நகராது. ஓட்டுநர் இறங்குவார். எஞ்சின் ஓடுகிற அதிர்வில், கதவைச் சாத்துகிற தட்டில், உருளை மெல்ல ரிவர்ஸ் பக்கம் வழுகும். பிறகு வண்டிக்குப் பின்னால் நிற்கிறவர் பாடு.

ஃபோர்ட் சொன்னது, ஓட்டுநர்கள் லீவரைக் கடைசிவரை தள்ளவில்லை என்று. ஹான்ட் பிரேக் போடவில்லை, எஞ்சினை நிறுத்தவில்லை என்று. இது சொல்லப்போனால் பிழையில்லாத வாக்கியம். தள்ளியிருந்தால் நடந்திருக்காதுதான். ஆனால் பாதியில் நிற்கிற லீவரை முழுதாய் நிற்கிற மாதிரிக் காட்டியது யார்? அந்த மேட்டை வடிவமைத்தது ஓட்டுநர் இல்லையே.

1980 என்ற வருடத்தையும் மறக்கக்கூடாது. ஃபோர்ட் அந்த வருடம் 150 கோடி டொலருக்கு மேல் நட்டம். யப்பானியக் கார்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நவம்பரில் கார்ட்டர் தேர்தலில் தோற்றுவிட்டார், ஜனவரியில் ரேகன் வரப்போகிறார். இந்த இடைவெளியில்தான் ஸ்டிக்கர் உடன்பாடு கையெழுத்தானது. நேடர் தொடக்கிவைத்த வாகனப் பாதுகாப்பு மையம் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, உடன்பாட்டை உடைக்க முடியவில்லை. 1966இல் 'வாகனத்தைத் திருத்து' என்று சட்டம் போட்ட அதே அரசு, 14 வருடம் கழித்து 'ஓட்டுநருக்குச் சொல்லிவை' என்ற பழைய இடத்துக்குத் திரும்பியது. லீவர் பார்க்கில் இருக்கிற மாதிரி இருந்து ரிவர்ஸுக்கு வழுகியது போலத்தான் இதுவும்.

ஏன் இதை எழுத வேண்டும்

எங்கட நாட்டில் பஸ் பள்ளத்தில் விழுந்தால் செய்தியில் வருகிற வசனம் எங்களுக்குப் பாடம்: 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து', 'சாரதியின் கவனயீனம்'. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வசனம் எழுதப்பட்ட உடனே மற்றக் கேள்விகள் எல்லாம் மூடப்பட்டுவிடுகின்றன. பிரேக்கைக் கடைசியாகப் பார்த்தது யார், டயர் எத்தனை வருடம் பழசு, பாதையில் வேலி ஏன் இல்லை, அந்தச் சாரதி எத்தனை மணித்தியாலமாக ஓடினார்? ஸ்டியரிங் பக்கத்துச் சாட்சிகளை மட்டும் கேட்டுவிட்டு வழக்கை முடிக்கிற பழக்கம் அமெரிக்காவோடு மட்டும் நிற்கிற ஒன்றில்லை.

அதனால்தான் தன் வீட்டுக் கொட்டிலில் பழைய சி10க்கு 700ஆர்4 மாற்றுகிற மனிதரை நான் மரியாதையோடு பார்க்கிறேன். கம்பியை இறுக்கிய பிறகும் அவருடைய வேலை முடியவில்லை. சமதரையில் எஞ்சினை நிறுத்தி, பார்க்கில் போட்டு, பிரேக்கை விட்டு, வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்ப்பார், பூட்டு விழுந்துவிட்டதா என்று. லீவரைப் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பார், அது அங்கே நிற்கிறதா, தானாக ஒரு பக்கம் விழுகிறதா என்று. பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் சாவியைத் திருப்பி, பார்க்கிலும் நியூட்ரலிலும் தவிர வேறெங்கும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று உறுதிப்படுத்துவார். சில மாதம் கழித்து றப்பர் மவுண்டையும் கம்பியையும் திரும்பப் பார்ப்பார்.

அவருக்கு இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. தன் பிள்ளை அந்த வண்டிக்குப் பின்னால் விளையாடும் என்று அவருக்குத் தெரியும். 2 கோடி 30 இலட்சம் வண்டிகளுக்குப் பின்னாலும் யாரோ நின்றார்கள், அவர்களுக்கு ஒரு ஸ்டிக்கர் போதும் என்று ஒரு மேசையில் முடிவெடுத்தார்கள்.